பந்தியில் பிறந்த கோட்பாடு

தஞ்சைப் பழைய பேருந்து நிலையத்தில் அரை மணி நேரம் நின்றிருந்தால் யாரேனும் ஒருவர் துண்டுப்பிரசுரம் ஒன்றைக் கையில் திணித்துவிட்டுப் போவார். நற்செயல்கள் உங்களைப் பரலோகம் சேர்க்குமா என்று தலைப்பில் கேள்வி இருக்கும். சேர்க்காது, விசுவாசம் ஒன்றே சேர்க்கும் என்று உள்ளே விடை இருக்கும். இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. நம்பிவிட்டால் போதும் என்றால் ஊரைக் கொள்ளையடித்தவனும் சாகும் தறுவாயில் கைகூப்பி மோட்சம் போய்விடலாமே என்பது அவர்கள் கேள்வி. முதல் கட்சிக்குப் பவுலின் நிருபங்கள், இரண்டாவது கட்சிக்கு யாக்கோபின் நிருபம். லுத்தர் காலம் முதல் ஐந்நூறு ஆண்டுகளாக இந்தப் பட்டிமன்றம் நடக்கிறது.

இந்தச் சண்டையின் மீது எனக்குள்ள மனக்குறை ஒன்றுதான். மண்ணில் கால் படாமல், ஆகாயத்தில் நடப்பதுபோல் இதை நடத்துகிறார்கள். காவிரிப் படுகையில் இது அப்படி நடக்கவில்லை. கோயில் தரையில் யார் எங்கே உட்காருவது, நற்கருணைப் பாத்திரம் யார் உதட்டுக்கு முதலில் போவது என்ற வழக்காகவே நடந்தது. அந்த வழக்கில் 'விசுவாசத்தினால் மட்டுமே இரட்சிப்பு' என்னும் கோட்பாடு சாதிக்கு அடைக்கலம் கொடுத்தது. அந்தக் கோட்பாட்டை அது பிறந்த இடத்தில் வைத்துப் படித்தால் இப்படியோர் அடைக்கலத்துக்கு அதில் அணுவளவும் இடமில்லை. இதுவே என் கட்சி.

இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கக்கூடும். நிறையவே இருக்கிறது. தமிழ் உரைநடை வாதம் செய்யப் பழகிய களங்களுள் ஒன்று இந்தச் சண்டை. 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கினார்கள். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகியது. அச்சுப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்த லுத்தரன்களுக்கு எதிராகக் கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியிலிருந்து வீரமாமுனிவர் எழுதினார். தேம்பாவணி பாடிய அதே கைதான் 1728இல் 'வேத விளக்கம்' எழுதியது. தரங்கம்பாடியார் 'திருச்சபை பேதகம்' என்று மறுக்க, 'பேதகமறுத்தல்' என்று மறுப்புக்கு மறுப்பும் எழுதியது. 'லுத்தேரினத்தியல்பு' என்று ஒரு நூலும் உண்டு. தலைப்பிலேயே காரம் தெரியும். தேம்பாவணியைப் பாடத்திட்டத்தில் வைத்திருக்கும் நாம் இவற்றைச் சமயச் சச்சரவு என்று ஒதுக்கிவிட்டோம். எதிராளியின் வாதத்தை எடுத்துச் சொல்லி அடி அடியாக மறுக்கும் உரைநடை எங்கிருந்து வந்தது என்று தேடுகிற மாணவனுக்கு இந்நூல்கள் தேம்பாவணியைவிடப் பயன்படும் என்பது என் எண்ணம்.

ஆனால் இந்த வாதப்போரில் இரு தரப்பும் கண்ணை மூடிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. செயலும் வேண்டும் என்ற கத்தோலிக்கத் தரப்பு, மதுரை மிஷனில் மேல்சாதியாருக்குச் சந்நியாசி வேடத்தில் ஒரு குருவையும் மற்றவர்க்குப் பண்டாரசுவாமி என்று வேறொரு குருவையும் வைத்துக்கொண்டிருந்தது. விசுவாசம் மட்டும் போதும் என்ற லுத்தரன் தரப்பு, ஒரே கூரையின் கீழ் இரண்டு பக்கமாக மக்களை உட்கார வைத்தது. இரட்சிப்பைப் பற்றி நேர் எதிரான இரண்டு கொள்கைகள் தரையைப் பங்கிடுவதில் மட்டும் ஒன்றாகிவிட்டன.

இராஜநாயக்கன் கதையைச் சொல்ல வேண்டும். தஞ்சை மன்னரின் படையில் வேலை பார்த்தவர், பறையர் சமூகத்தவர், பிறப்பால் கத்தோலிக்கர். அச்சில் வந்த தமிழ்ச் சுவிசேஷம் கைக்குக் கிடைக்க, அதைப் படித்தே 1720களின் பிற்பகுதியில் லுத்தரன் சபைக்கு வந்தார். தஞ்சைப் பகுதியில் சபை வேரூன்றியதற்கு வெள்ளைக்காரப் பாதிரிமாரைவிட இவர்தான் காரணம் என்று சொன்னால் மிகையாகாது. 1733இல் முதல் தமிழ்ப் போதகராக ஆரோனுக்குக் குருப்பட்டம் கிடைத்தது; அவர் வேளாளர். அடுத்த பட்டம் இராஜநாயக்கனுக்கு என்று பேச்சு எழுந்தபோது, பறையர் ஒருவர் கையிலிருந்து நற்கருணையை வாங்க வேளாளர் இசைய மாட்டார்கள் என்று மிஷன் தயங்கியது. 1741இல் பட்டம் பெற்றவர் தியோகு. இராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

இவரிடம் குறைந்தது எது? விசுவாசமா? புத்தகத்தைப் படித்துத் தாமாகத் தேடி வந்தவர். நற்கிரியையா? ஊர் ஊராக நடந்து சபையைக் கட்டியவர். இரண்டு பட்டியல்களிலும் முழு மதிப்பெண் வாங்கியவரை மூன்றாவது பட்டியல் ஒன்று தோற்கடித்தது. அந்த மூன்றாவது பட்டியல் எந்த வேதசாஸ்திர நூலிலும் இல்லாதது. இல்லாததால்தான் அதை யாரும் மறுத்து எழுதவில்லை.

அடுத்த தலைமுறைகளில் பேச்சு சுவார்ட்ஸைச் சுற்றியது. அவரைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஹைதர் அலியின் படை நாட்டைச் சூறையாடிய 1780களின் தொடக்கத்தில், தஞ்சைக் கோட்டைக்குள் ஜனங்கள் பட்டினியால் செத்தார்கள். வெளியே நெல் இருந்தது. குடியானவர்களுக்கு அரசன் சொல்லிலும் நம்பிக்கை இல்லை, கம்பெனியின் சொல்லிலும் நம்பிக்கை இல்லை. பணத்துக்கு நான் பொறுப்பு என்று சுவார்ட்ஸ் சொன்ன பிறகே மாடுகள் வந்தன, 80,000 கலம் நெல் வந்தது. விசுவாசம் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல விரிவுரையை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. அந்தக் குடியானவர்கள் ஒரு சொல்லை நம்பி நெல்லைக் கொடுத்தார்கள். அந்தச் சொல்லை நம்பும்படி முன்பே நடந்து காட்டியிருந்தார் ஒருவர். இங்கே நம்பிக்கை எது, செயல் எது என்று பிரித்து இரண்டு மரக்காலில் அளந்து காட்டச் சொன்னால் யாரால் முடியும்? ஆனால் இதே சுவார்ட்ஸின் கோயிலில்தான் வேளாளர் ஒரு புறமும் பறையர் மறு புறமும் இருந்தார்கள், பாத்திரம் வேளாளருக்கு முதலில் போயிற்று. காலப்போக்கில் தானே சரியாகும் என்று அவர் விட்டுவைத்தார். 1798இல் இறந்தார். எதுவும் தானே சரியாகவில்லை.

அவர் வளர்த்த பிள்ளைதான் வேதநாயக சாஸ்திரியார். திருநெல்வேலியில் 1774இல் பிறந்து, சிறு வயதில் சுவார்ட்ஸோடு தஞ்சைக்கு வந்து, இரண்டாம் சரபோஜியின் அரசவையில் மதிப்புப் பெற்று, பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். சிற்றிலக்கிய வகுப்பில் குறவஞ்சி நடத்தும் ஒவ்வோராண்டும் அவரைப் பற்றிச் சொல்கிறேன். அரசரே கேட்டும் பிள்ளையார் வணக்கம் வைத்துப் பாட மறுத்தவர் என்ற செய்தியைச் சொன்னால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அதே சாஸ்திரியார் 1829இல் சாதிப் பிரிவினைக்கு ஆதரவாகச் 'சாதித்திரட்டு' எழுதினார் என்று சொன்னால் வகுப்பு அமைதியாகிவிடும். அவரைப் புகழ்ந்து எழுதப்படும் கட்டுரைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது செய்தியை எட்டுவதே இல்லை.

அன்று நடந்ததை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1820களில் வந்த புதிய மிஷனரிகள் பழைய சபையாரின் மீது பலவற்றைத் திணித்தார்கள். நாவில் ஊறிப்போன ஃபாப்ரிசியஸின் வேதாகமத்தைத் திருத்த முனைந்தார்கள். கலியாணத்தில் பூ கூடாது என்றார்கள். கோயிலில் தமிழ்க் கீர்த்தனை கூடாது என்றார்கள். சாதிவாரியாக உட்காருவதும் கூடாது என்றார்கள். சாஸ்திரியார் இந்த நான்கையும் சேர்த்துக் கொடுமைகள் என்று முறையிட்டார். முதல் மூன்றில் அவர் பக்கமே நான். பூவையும் பாட்டையும் பறிக்க அந்த ஐரோப்பியர்களுக்கு எந்த உரிமையும் இல்லை. இன்று தமிழ்க் கிறித்தவர் வாயில் கீர்த்தனை இருக்கிறதென்றால் அது அவர்களை மீறி நிலைத்ததே.

ஆனால் நான்காவதை இந்த மூன்றோடு ஒரே கயிற்றில் கட்டியதுதான் பெரும் சூழ்ச்சி. சாஸ்திரியார் தெரிந்து செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த முடிச்சு இன்றுவரை அவிழவில்லை. பண்பாடு என்ற ஒரே மூட்டைக்குள் மல்லிகைப்பூவும் கீர்த்தனையும் தீண்டாமையும் கிடக்கின்றன. மூட்டையை யாராவது தொட்டால் பூவை எடுத்துக் காட்டுகிறார்கள்.

அந்தத் தரப்பின் வாதத்துக்கு அடித்தளமாக இருந்தது லுத்தரன் கோட்பாடுதான். இரட்சிப்பு விசுவாசத்தினால் வருகிறது. சாதி உலக வழக்கம். குலமரியாதை, உணவு, உடைபோலப் புறத்தே உள்ளது. அது இரட்சிப்புக்குத் துணையும் அல்ல, தடையும் அல்ல. ஆகவே அதில் சபை தலையிட வேண்டியதில்லை. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சாதிப் பாகுபாட்டை உடனடியாக, முற்றாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோதும், 1835இல் அவரே தஞ்சைக்கு வந்தபோதும் எழுந்த எதிர்ப்பின் அடிநாதம் இதுவே. வேளாளர் பலர் சபையை விட்டு விலகினார்கள். 1840களில் தரங்கம்பாடிக்கு வந்த லைப்சிக் மிஷன் அவர்களுக்குக் கதவைத் திறந்தது. அந்த மிஷனின் தலைவர் கார்ல் கிரவுல், சாதி சமூக ஒழுங்கு சார்ந்தது, படிப்படியாகத்தான் மாறும் என்று வாதாடினார். திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்து 1856இல் வெளியிட்ட அதே கிரவுல்தான். பிறப்பொக்கும் என்று சொன்ன நூலை மொழிபெயர்த்தவருக்கு இது உறுத்தியிருக்காதா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. அவரோடு முரண்பட்டு மிஷனை விட்டே வெளியேறினார் ஓக்ஸ் என்ற இன்னொரு ஜெர்மானியர். அவருக்கு நம் ஊரில் சிலையும் இல்லை, கட்டுரையும் இல்லை.

இப்போது வாதத்துக்கு வருகிறேன். தமிழாசிரியன் என்ற முறையில் ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். நம் புராட்டஸ்டண்டு வேதாகமத்தில் பவுல் மறுக்கும் பொருளுக்குக் 'கிரியை' என்று பெயர். பிற்காலத்துப் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் (1995) 'செயல்' என்று எழுதுகிறது. செயல் என்பது பொதுச்சொல். பசித்தவனுக்குச் சோறு போடுவதும் செயல்தான். கிரியை அப்படிப்பட்டதல்ல. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று சைவம் வகுத்த நான்கு பாதங்களில் இரண்டாவது அது. சடங்கு, பூசை, விதிப்படி செய்யும் அனுட்டானம் என்பதே அதன் பொருள். ஈமக்கிரியை என்று இன்றும் வழங்குகிறோம். மொழிபெயர்த்தவர்கள் எண்ணிச் செய்தார்களோ எண்ணாமல் செய்தார்களோ, சொல் சரியான இடத்தில் விழுந்துவிட்டது. பவுல் சண்டையிட்டது சோறு போடுகிறவனோடு அல்ல. விருத்தசேதனம் செய்தவனா, எதை உண்கிறான், யாரோடு உண்கிறான் என்று பார்த்து உள்ளே வெளியே என்று ஆளைப் பிரிக்கும் அனுட்டானங்களோடுதான் சண்டையிட்டார்.

அப்படியானால் தஞ்சைக் கோயிலில் கிரியை எது? வேளாளர் இந்தப் பக்கம், பறையர் அந்தப் பக்கம். பாத்திரம் இவருக்கு முன், அவருக்குப் பின். பிறப்பை அடையாளமாக வைத்து ஆளைப் பிரிக்கும் அனுட்டானம் இதுதான். கிரியையினால் இரட்சிப்பில்லை என்று பிரசங்க பீடத்தில் முழங்கிவிட்டு, அந்தக் கிரியையைத் தரையில் பத்திரமாகக் காத்தார்கள். உலக வழக்கம் என்று அதற்குப் பெயர் மாற்றியதால் அதன் தன்மை மாறிவிடவில்லை. உண்மையிலேயே ஒன்றுமில்லாத புறவழக்கம் என்றால் அதற்காகச் சபையை விட்டே போயிருக்க மாட்டார்கள். எதை இழக்க ஒருவன் மறுக்கிறானோ அதில்தான் அவன் விசுவாசம் இருக்கிறது என்று லுத்தரின் சீடர்களே ஒப்புக்கொள்வார்கள்.

இனி இரண்டு அதிகாரங்கள். கையில் வேதாகமம் உள்ளவர்கள் எடுத்துப் பார்க்கலாம். முதலாவது கலாத்தியர் இரண்டாம் அதிகாரம். உரோமர் நிருபத்துக்கு முந்தியது என்று பெரும்பாலான அறிஞர் கருதும் நிருபம் இது. அந்தியோகியா நகரில் பேதுரு புறவினத்தாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எருசலேமிலிருந்து, அதுவும் யாக்கோபிடமிருந்து, சிலர் வருகிறார்கள். பேதுரு பயந்து பந்தியை விட்டு விலகுகிறார்; பர்னபாவும் கூடப் போகிறார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் பேதுருவைக் கண்டிக்கிறார். அந்தக் கண்டனத்தின் தொடர்ச்சியாகத்தான், மூச்சுவிட இடைவெளி இல்லாமல், மனிதன் கிரியைகளினால் அல்ல விசுவாசத்தினாலேயே நீதிமானாகிறான் என்ற கோட்பாடு வருகிறது. அது தனி அறையில் ஒருவன் தன் ஆத்துமாவைப் பற்றிக் கவலைப்பட்டுக் கண்டுபிடித்ததல்ல. பந்தி பிரிந்ததால் எழுந்த சண்டையில் பிறந்தது. சேர்ந்து உண்ண மறுத்த ஓர் அப்போஸ்தலனுக்கு எதிராகச் சொல்லப்பட்டதை, சேர்ந்து உட்கார மறுத்தவர்கள் தமக்குக் கேடயமாக எடுத்துக்கொண்டார்கள். இதைவிடப் பெரிய தலைகீழ்ப் பாடத்தை நான் உரையாசிரியர் எவரிடமும் கண்டதில்லை.

இரண்டாவது யாக்கோபு இரண்டாம் அதிகாரம். செயலற்ற விசுவாசம் செத்தது என்று சொல்லும் பகுதி. லுத்தர் 1522இல் வைக்கோல் என்று இகழ்ந்த நிருபம். (பிந்திய பதிப்புகளில் அந்த வரி இல்லை. வைக்கோலை இகழ்ச்சியாகச் சொன்னால் டெல்டாக்காரனுக்கு உறைக்காது. போர் போட்டுப் பாதுகாப்பவன் அவன்.) அந்த அதிகாரம் எதில் தொடங்குகிறது? இருக்கையில். பொன் மோதிரம் போட்டவன் சபைக்குள் வந்தால் நல்ல இடம், கந்தல் கட்டியவன் வந்தால் நில் அல்லது காலடியில் உட்கார் என்கிறீர்களே என்ற கண்டனத்தில் தொடங்கித்தான் அது விசுவாசத்துக்கும் செயலுக்கும் போகிறது.

ஆக, ஒருவருக்கு எதிராக மற்றவரை நிறுத்தி ஐந்நூறு ஆண்டுகளாக நாம் நடத்தும் பட்டிமன்றத்தின் இரண்டு மூலப்பிரமாணங்களில் ஒன்று பந்தியைப் பற்றியது, மற்றது இருக்கையைப் பற்றியது. பவுல் சாப்பாட்டுப் பந்தியைப் பிரிக்காதே என்கிறார், யாக்கோபு உட்காரும் இடத்தைப் பிரிக்காதே என்கிறார். தஞ்சைச் சபையில் சர்ச்சைக்குள்ளானவையும் இந்த இரண்டே. இப்படிப் பொருந்தி வந்த பிரமாணங்களைக் கையில் வைத்துக்கொண்டு, மேலே பரலோகத்தில் மதிப்பெண் எப்படிப் போடுவார்கள் என்று விவாதித்தார்கள் நம் முன்னோர்.

மறுப்புகள் எனக்குத் தெரியாதவை அல்ல. வில்சன் ஏகாதிபத்தியத்தின் பேராயர், அவர் கட்டளையை நீ எப்படி ஆதரிக்கலாம் என்பது ஒன்று. ஆணவத்தோடுதான் கட்டளையிட்டார், ஐயமில்லை. ஆனால் மறுபுறம் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தக் கட்டளை எப்படிக் கேட்டிருக்கும் என்று கேட்காமல் ஏகாதிபத்தியம் பேசுவது வேளாளர் காதால் மட்டும் வரலாற்றைக் கேட்பதாகும். 19ஆம் நூற்றாண்டு மனிதரை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா என்பது இன்னொன்று. ஓக்ஸ் 19ஆம் நூற்றாண்டு மனிதர்தாம். தம்மோடு உட்கார வேண்டும் என்று விரும்பிய பறையர் கிறித்தவர்களும் அதே நூற்றாண்டுக்காரர்கள்தாம். அளவுகோல் அன்றே இருந்தது.

மூன்றாவது மறுப்பு கனமானது. சேர்ந்து உட்காருவதை இரட்சிப்புக்கு நிபந்தனையாக்கினால் நீயும் கிரியைக்காரன் ஆகிவிட மாட்டாயா என்று ஒரு போதகர் என்னிடம் கேட்டார். நல்ல மனிதர், படித்தவர். நான் நிபந்தனை என்று சொல்லவில்லை. எனக்கு அந்தப் பக்கத்து நெல் மூட்டையை நிறுத்துக் கொடுக்கும் அதிகாரம் இல்லை. ஒருவன் தான் தகுதியின்றிக் கிருபையால் ஏற்கப்பட்டேன் என்று உண்மையிலேயே நம்பினால், பக்கத்தில் இருப்பவனின் தகுதியைப் பிறப்பைக் கொண்டு அளக்க அவன் கையில் கோல் மிஞ்சாது. கோல் இன்னும் கையில் இருக்கிறதென்றால் அவன் நம்பியது வேறெதையோ. இதில் செயல் விசுவாசத்தோடு கூட்டப்படும் இரண்டாவது தொகையாக வரவில்லை. விசுவாசம் என்று அவன் சொல்வது எதைப் பற்றியது என்பதே இங்கே கேள்வி.

1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மெத்தடிஸ்டுகள் 2006இல் சேர்ந்துகொண்டார்கள். கிருபையால் ஏற்கப்படுகிறோம், அதன் கனியாக நற்செயல் வருகிறது என்பதில் இனிப் பெரிய பேதமில்லையாம். மகிழ்ச்சி. ஏலாக்குறிச்சிக்கும் தரங்கம்பாடிக்கும் இடையே நடந்த வழக்கு ஒருவழியாகச் சமரசத்துக்கு வந்துவிட்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கத்தோலிக்கர் கேட்டதன் பேரில் மூண்ட கலவரத்தில் போலீஸ் சுட்டு இருவர் இறந்தார்கள். அங்கேயும் பிரச்சினை இருக்கையும் பிணம் போகும் பாதையும்தான். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைச் சாதிவாரியாகப் பிரித்த சுவரைப் பற்றி இந்த வட்டாரத்தில் கேள்விப்படாதவர் குறைவு.

துண்டுப்பிரசுரம் கொடுக்கும் சகோதரர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. நற்செயல் பரலோகம் சேர்க்குமா என்ற கேள்வியைச் சிறிது காலம் ஒத்திவையுங்கள். கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தின் பிற்பாதியையும் யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தின் முற்பாதியையும் ஒரே தாளில் இரு பக்கமாக அச்சிடுங்கள். அச்சுக்கூலியை நான் தருகிறேன். பேருந்து நிலையத்தில் கொடுக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை, ஆராதனைக்கு வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்பு, கோயில் வாசலில் நின்று கொடுங்கள்.